ஸ்னோபால் வென்றிருந்தால் விலங்குப் பண்ணை தப்பியிருக்குமா?

கேள்வி: ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யில் நெப்போலியனுக்குப் பதில் ஸ்னோபால் கையில் அதிகாரம் வந்திருந்தால் புரட்சி பிழைத்திருக்குமா?

பிழைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். கதையில் விலங்குகள் புரட்சி செய்து பண்ணைக்காரன் ஜோன்ஸை விரட்டுகின்றன. அதற்குப் பிறகு தலைமைக்குப் போட்டியிடும் இரண்டு பன்றிகள்தான் ஸ்னோபாலும் நெப்போலியனும். ஸ்னோபால், பண்ணையை மீட்க வந்த ஜோன்ஸோடு நடந்த மாட்டுக்கொட்டகைப் போரில் முன்னால் நின்று குண்டடி பட்டவன், காற்றாலைக்குத் திட்டம் வரைந்தவன். நெப்போலியன் குட்டியிலிருந்தே வளர்த்த ஒன்பது நாய்கள் அவனைத் துரத்தும்போது படிக்கிற எவருக்கும் மனசு அவன் பக்கம் சாய்ந்துவிடும். ஆனால் பண்ணை கைவிட்டுப் போனது அன்றைக்கு இல்லை.

ஜோன்ஸை விரட்டிய மறுநாளே அது தொடங்கிவிட்டது. கறக்காமல் மடி கனத்து நிற்கும் பசுக்களிடம் பன்றிகள் வாளி வாளியாகப் பால் கறக்கின்றன. பாலைப் பற்றிக் கவலைப்படாமல் அறுவடைக்குக் கிளம்புங்கள் என்கிறான் நெப்போலியன். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் பாலைக் காணோம். அப்புறம், மரத்தடியில் விழுந்த ஆப்பிள்களும் பன்றிகளுக்கே என்று உத்தரவு வருகிறது. இந்த விஷயத்தில் ஸ்னோபால், நெப்போலியன் உட்பட எல்லாப் பன்றிகளும் ஒரே கருத்தில் இருந்ததாக ஆர்வெல் எழுதுகிறார். மற்ற எதிலும் ஒத்துப்போகாத இருவர் இதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். முணுமுணுத்த விலங்குகளிடம் பன்றிகளின் பேச்சாளன் ஸ்குவீலர் வந்து, நாங்கள் மூளையால் உழைப்பவர்கள், நாங்கள் தளர்ந்தால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான் என்கிறான். அதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

கதையின் திருப்புமுனை இந்தப் பாலும் ஆப்பிளும்தான் என்று ஆர்வெல்லே 1946 டிசம்பரில் அமெரிக்க எழுத்தாளர் டுவைட் மெக்டொனால்டுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். பக்கத்திலேயே 'க்ரான்ஸ்டாட்' என்றும் குறிக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் நாவலே வேறு மாதிரி தெரியும்.

க்ரான்ஸ்டாட் என்பது ரஷ்யாவின் பெட்ரோகிராட் நகரத்துக்கு எதிரே கடலில் இருக்கும் கடற்படைத் தளம். 1917 ரஷ்யப் புரட்சியின்போது அங்கிருந்த மாலுமிகளைப் புரட்சியின் பெருமை என்று கொண்டாடியவர், அதன் தலைவர்களில் ஒருவரான ட்ராட்ஸ்கி. 1921 பிப்ரவரியில் பெட்ரோகிராட் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, மாலுமிகள் 15 கோரிக்கைகளை வைத்தார்கள். சோவியத்துகள் எனப்பட்ட மக்கள் மன்றங்களுக்கு ரகசிய வாக்கெடுப்பில் புதிய தேர்தல் வேண்டும், தொழிலாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் பேச்சுரிமை வேண்டும் என்றார்கள். உடலைக் கெடுக்கும் வேலை செய்பவர்களைத் தவிர, உழைக்கும் எல்லோருக்கும் ஒரே அளவு ரேஷன் வேண்டும் என்றும் கேட்டார்கள். பாலையும் ஆப்பிளையும் பங்கு கேட்டதுதான் இது! மார்ச் மாதம் உறைந்த கடல்மேல் புரட்சி அரசின் செம்படை போய் அவர்களை நசுக்கியது. அப்போது போர்த்துறை ட்ராட்ஸ்கியின் பொறுப்பில் இருந்தது. ஸ்டாலின் கட்சியின் பொதுச் செயலாளர் ஆனதோ 1922 ஏப்ரலில்தான். கதையில் ட்ராட்ஸ்கியின் சாயலில் வருகிறவன் ஸ்னோபால், ஸ்டாலினின் சாயலில் வருகிறவன் நெப்போலியன். அதனால்தான் ஸ்னோபாலிடம் என்னால் நம்பிக்கை வைக்க முடியவில்லை.

இதை வைத்து, புரட்சியே கூடாது என்று ஆர்வெல் சொன்னதாகப் பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அவர் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிஸ்டுகளுக்கு எதிராகச் சண்டையிட்டு 1937இல் கழுத்தில் குண்டு வாங்கியவர். அவர் இருந்த படைப்பிரிவின் கட்சியைத் தடைசெய்து அவருடைய தோழர்களைச் சிறையில் தள்ளியது பாசிஸ்டுத் தரப்பின் தளபதி ஃப்ராங்கோ இல்லை, ஃப்ராங்கோவை எதிர்த்து நின்ற குடியரசுத் தரப்பே, கம்யூனிஸ்டுகளின் நெருக்குதலில். அதன் பிறகும் அவர் சோஷலிஸ்டாகவே இருந்தார். தலைவர்களின் வேலை முடிந்ததும் அவர்களை இறக்கிவிடத் தெரிந்த, விழிப்பான மக்கள் வேண்டும் என்பதுதான் அதே கடிதத்தில் அவருடைய வாதம்.

பண்ணையில் அதற்குப் பலம் இல்லாமல் இல்லை. ஏழாம் அத்தியாயத்தில் நாய்கள் பாக்ஸர்மீது பாய்கின்றன. அந்தக் குதிரை ஒரு நாயைக் குளம்படியில் அழுத்திப் பிடித்துவிடுகிறான். பிடித்துக்கொண்டு, நசுக்கவா விடவா என்று நெப்போலியன் முகத்தைப் பார்க்கிறான். நாவலில் என்னை அதிகம் வதைக்கும் இடம் இது. அவனைக் கசாப்புக்கு ஏற்றிப்போகும் வண்டிகூட இதற்கு அப்புறம்தான். பால் காணாமல் போன நாளில் அந்தப் பலத்தை எதிர்த்து நிற்க ஒரு நாயும் இல்லை, அந்த நாய்க்குட்டிகளை நெப்போலியன் இன்னும் தாய்களிடமிருந்து பிரித்து எடுத்துப் போயிருக்கவில்லை. ஸ்னோபால் வென்றிருந்தால் காற்றாலை சீக்கிரம் எழுந்திருக்கலாம், ரத்தமும் குறைவாகச் சிந்தியிருக்கலாம். பால் மட்டும் பன்றிகளின் தொட்டிக்கே போயிருக்கும்.