வாசிக்கத் திணறும் பிள்ளைக்குப் புத்தி குறைவா?

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் நான் பார்க்கும் பிள்ளை புத்தி குறைந்த பிள்ளை அல்ல. இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கேட்க வந்ததைக் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான் அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். தரம் 4 படிக்கிற மகன் அப்பாவின் கடையில் நின்று 1000 ரூபாய்த் தாளுக்கு மிச்சக்காசு பிழையில்லாமல் எண்ணிக் கொடுக்கிறான். கோயில் திடலில் கூத்துப் பார்த்துவிட்டு வந்து, முழுக்கதையையும் தங்கைக்கு ஆடிக் காட்டுகிறான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் முதல் எழுத்தைப் பார்த்து மிச்சத்தை ஊகிக்கிறான். சொல்வதெழுதுதலில் கொம்பும் அரவும் இடம் மாறிப் போகின்றன. டிஸ்லெக்சியா என்கிற வாசிப்பு இடர்பாடு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நேரில் பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டும். ஆனால் புத்திக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ர-ற, ல-ள-ழ மாறுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அந்த வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுவார்கள். இடது கையால் எழுதுவதும் குற்றமில்லை. மூன்று வயதில் ஊஞ்சலில் இருந்து விழுந்தபோது மயங்கவும் இல்லை, வாந்தியும் இல்லை என்கிறீர்கள், அதற்காக இப்போது மூளை ஸ்கேன் தேவையில்லை. கலர்க் கண்ணாடி போட்டால் எழுத்து ஆடாது என்று போனில் வந்த வீடியோவை அழித்துவிடுங்கள். சாதாரணக் கண் பரிசோதனையும் காது பரிசோதனையும் ஒரு தடவை செய்தால் போதும். தரம் 4 பிள்ளைகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை இருக்கிறது, அதில் கண் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

ஞாபகசக்தி சிரப் வாங்கும் காசுக்கு ஒரு கதைப்புத்தகம் வாங்குங்கள். வல்லாரையைச் சம்பலாகச் சாப்பிடட்டும். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கவனக்குறைவுக்காகக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு நாள் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. அந்த மாத்திரை பசியைக் குறைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், இதயத் துடிப்பைக் கூட்டும். அந்தப் பிள்ளையின் நிறையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து எழுதியது அது. இனி ஒரு துண்டு கூடக் கொடுக்க வேண்டாம்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். "சில நேரம் கூப்பிட்டாலும் கேட்காதவன் போல ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முழுக் கடிதத்திலும் என்னை நிறுத்திய வரி அதுதான். யோசனையில் இருக்கும் பிள்ளையின் தோளைத் தொட்டால் திரும்பிப் பார்ப்பான். ஆனால் பேச்சு பாதிச் சொல்லில் நின்று, கண் நிலைகுத்தி, இமை இலேசாகத் துடித்து, தொட்டாலும் திரும்பாமல் ஐந்து முதல் பதினைந்து நொடி இருந்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து தொடர்கிறான் என்றால், அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். விழ மாட்டான், நுரை வராது. அதனால் பலர் அதை வலிப்பு என்று நினைப்பதே இல்லை, ரீச்சரும் 'கவனமில்லை' என்று ஏசுவார். பெரும்பாலும் 4 வயதுக்கும் 10 வயதுக்கும் இடையில் தொடங்கும். ஒரு நாளில் பத்துத் தடவைக்கு மேலும் வரலாம், ஒவ்வொரு தடவையும் பாடத்தில் ஒரு துண்டு விடுபட்டுப் போகும். சரியான மருந்துக்குப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது நன்றாகக் கட்டுப்படும்.

அடுத்த தடவை நடக்கும்போது போனில் வீடியோ எடுங்கள், எத்தனை நொடி என்று எண்ணுங்கள். இந்த வாரமே களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையில் காட்டி, குழந்தை வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குக் கடிதம் எடுங்கள். தேவையானால் அவர் ஈ.ஈ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் பரிசோதனை) எடுக்கச் சொல்லுவார். எப்போதாவது கைகால் இழுத்து விழுந்தால், கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

பாடசாலை விஷயத்துக்கு வருவோம். 'விசேட கல்வி அலகில் போடுங்கள்' என்று பாடசாலையில் சொன்னதும் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்கிறீர்கள். விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான அந்தத் தனி வகுப்பு தண்டனை இல்லை, அங்கே படிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் உங்கள் மகனைப் பரிசோதிக்காமல் இடம் மாற்ற உடன்பட வேண்டாம். இப்படிப்பட்ட பிள்ளை பெரும்பாலும் தன் வகுப்பிலேயே இருந்து, வாசிப்புக்கு மட்டும் தனி நேரம் பெற்றால் முன்னேறுவான். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது நம் நாட்டுச் சட்டம். 'வீட்டில் வைத்திருங்கள்' என்று யாரும் சொல்ல முடியாது.

அதிபரிடம் வாயால் கேட்காதீர்கள், கடிதமாகக் கொடுத்துப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: முன் வரிசையில் இடம், எல்லார் முன்னும் உரத்து வாசிக்கச் சொல்லாதிருப்பது, கேள்வியை வாசித்துக் காட்டி வாயால் பதில் வாங்குவது, விசேட கல்வி ஆசிரியரின் நேரம் கிழமைக்குச் சில பாடவேளை. இதற்கு வைத்தியச் சான்று வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாடசாலையில் அந்த ஆசிரியர் இல்லையென்றால், பட்டிருப்பு வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைப் போய்ப் பாருங்கள். பரீட்சையில் மேலதிக நேரம் வேண்டுமென்றால் அதற்குத்தான் வைத்திய அறிக்கை வேண்டும், அதிபர் மூலம் நேரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த வருடத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காக மாலையில் இரண்டு டியூஷன் வைத்திருக்கிறீர்கள், இரண்டையும் நிறுத்தலாம். வெட்டுப்புள்ளி எடுக்காவிட்டாலும் தரம் 6க்குப் போவான்.

கிளினிக்குக்குப் போகும்போது அவனது தமிழ்க் கொப்பியையும் கொண்டு போங்கள். ரீச்சருக்குக் காட்ட நீங்கள் திருத்தி எழுத வைத்த புதுக் கொப்பி வேண்டாம், சிவப்புக் கோடுகள் நிறைந்த அந்தப் பழைய கொப்பி.