"மெட்ச் ஆகல்ல அக்கா, இனி என்ன செய்ற?"

இரண்டு கிழமை லீவில் திருகோணமலைக்கு வந்திருக்கிறேன். அமெரிக்க ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவப் பட்டத்துக்குப் பிறகான துறைப் பயிற்சிக்கு, முயலும் ஊர்ப் பிள்ளைகள் சிலரும் அவர்களுடைய வீட்டாரும் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். முக்கால்வாசியும் தலைப்பில் இருக்கிற அதே கேள்விதான். மெட்ச் என்பது, விண்ணப்பித்தவர்களின் விருப்பப் பட்டியலையும் (ரேங்க் லிஸ்ட்) பயிற்சி தரும் இடங்களின் பட்டியலையும் கணினி பொருத்தி இடம் கொடுக்கும் ஏற்பாடு. நான் முதல் வருடம் ஜெனரல் சர்ஜரிக்குப் போட்டு, எங்கும் கிடைக்காமல் ஊருக்குத் திரும்பி, பிறகு இன்டர்னல் மெடிசினில் சேர்ந்தவள். ஆகவே இந்தப் பதில்களில் பாதி, நானே விழுந்து எழும்பிக் கற்றவை. இன்னொன்று, கட்டணமும் விசா விதியும் வருடா வருடம் மாறுகின்றன. காசு கட்டுமுன் அந்த வருடத்து விதியை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி: திங்கள் இரவு 7.30க்கு "வருந்துகிறோம்" என்று மின்னஞ்சல் வந்தது. ஓர்த்தோபீடிக்ஸுக்கு (எலும்பு சர்ஜரி) மட்டும் 70 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒரு இன்டர்வியூகூட வரவில்லை. அடுத்த வருடமும் அதற்கே போடட்டுமா?

தம்பி, மெட்ச் ஆகாததில் இரண்டு விதமான வருத்தம் இருக்கிறது. அறிகுறி ஒன்று, மருந்து வேறு. இன்டர்வியூவே வரவில்லை என்றால் உங்களை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, உங்களைப் பார்க்கவே இல்லை. விண்ணப்பம் வடிகட்டியிலேயே நின்றுவிட்டது. இன்டர்வியூக்கள் வந்தும் மெட்ச் ஆகவில்லை என்றால் விண்ணப்பம் வேலை செய்திருக்கிறது, பிழை அதற்குப் பிறகு. எது உங்கள் வருத்தம் என்று தெரியாமல் மருந்து எடுக்கக்கூடாது.

உங்களுடையது முதலாவது. வடிகட்டி என்றால் என்ன? நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் வந்து குவியும்போது ஒரு ப்ரோகிராம், அதாவது ரெசிடென்சி நடத்தும் ஆஸ்பத்திரித் துறை, சில பொத்தான்களை அழுத்தும்: விசா வேண்டுமா, பட்டம் பெற்று எத்தனை வருடம், அமெரிக்க மருத்துவ உரிமச் சோதனையின் இரண்டாம் கட்டமான ஸ்டெப் 2 சி.கே.யில் மார்க் எவ்வளவு, ஏதாவது ஸ்டெப்பில் ஃபெயில் இருக்கிறதா. 2022 ஜனவரியிலிருந்து ஸ்டெப் 1க்கு மார்க் இல்லை, பாஸ் அல்லது ஃபெயில்தான். அதனால் சுமை முழுக்க ஸ்டெப் 2 சி.கே.யின் தலையில் ஏறிவிட்டது. இதற்கு மேலே ஓர்த்தோ. தோல், பிளாஸ்டிக் சர்ஜரி, நியூரோசர்ஜரி, ஈ.என்.டி. எல்லாம் இதே வரிசையில் நிற்பவை. அமெரிக்கப் பட்டதாரிகளே முண்டியடிக்கிற இந்த வாசலில் விசா தேவைப்படும் வெளிநாட்டுப் பட்டதாரி நுழைவது மிக அரிது. நுழைந்தவர்களும் பெரும்பாலும் அங்கே ஒரு பேராசிரியரிடம் வருடக்கணக்கில் ஆய்வு செய்து, அவருடைய தொலைபேசி அழைப்போடு நுழைந்தவர்கள்.

அதே விண்ணப்பத்தை அதே துறைக்கு அடுத்த செப்டம்பரில் போட்டால் அதே பதில்தான் வரும். அதுவும் ஒரு வருடம் பழசாகிப் போன விண்ணப்பமாக. இரண்டு வழிதான் எனக்குத் தெரிகிறது. சம்பளமோ சம்பளமில்லையோ, ஓர்த்தோத் துறை ஒன்றில் இரண்டு வருட ஆய்வுப் பணி, முடிவில் என்ன ஆகும் என்று உத்தரவாதம் இல்லாமல். அல்லது துறையை மாற்றுவது. வீட்டுக் காசு எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். "ஓர்த்தோ இல்லாவிட்டால் நான் டொக்டரே இல்லை" என்று தோன்றினால் அது துறை மீதுள்ள ஆசையா, மானப் பிரச்சினையா என்று இரவில் தனியாக உங்களிடமே கேளுங்கள். சர்ஜரி எனக்கு ஆசை எழுபது, மானம் முப்பது. கணக்குப் பார்க்க எனக்கு எட்டு மாதம் எடுத்தது.

மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி: எனக்கு இன்டர்னல் மெடிசினில் ஏழு இன்டர்வியூ வந்தது அக்கா. ஆனாலும் ஆகவில்லை. ரேங்க் லிஸ்டைப் பிழையாக அடுக்கிவிட்டேனா? கிடைக்கக்கூடிய இடத்தை முதலில் போட்டிருக்க வேண்டுமா?

இல்லை, அதற்காக ஒரு நிமிடம்கூட அழ வேண்டாம். இந்த மெட்ச் கணக்கு கல்யாணத் தரகர் வேலை மாதிரி. 1962இல் கேல், ஷாப்லி என்ற இரண்டு கணிதக்காரர்கள் எழுதிய கட்டுரையிலும் உதாரணமே கல்யாணம்தான். கணினி முதலில் உங்கள் முதல் விருப்பத்திடம் போய்க் கேட்கும். அந்த ப்ரோகிராம் உங்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும். அதைவிட அவர்களுக்குப் பிடித்த ஒருவர் பின்னால் வந்து இடமும் நிறைந்துவிட்டால் உங்களை விடும். விட்டால் நீங்கள் இரண்டாம் விருப்பத்திடம் போவீர்கள், அதே உரிமையோடு. முதலிடத்தில் கேட்டுத் தோற்றதால் இரண்டாமிடத்தில் உங்கள் மதிப்புக் குறையாது. ஆகவே மனதில் உள்ளபடி அடுக்குவதுதான் கெட்டித்தனம். இந்த வகைக் கணக்குக்காக ஷாப்லிக்கும், மெட்சை 1990களில் திருத்தி அமைத்த ஆல்வின் ரோத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

ஏழு இடமும் உங்களைத் தங்கள் பட்டியலில் கீழே போட்டிருக்கிறார்கள், அல்லது போடவே இல்லை. அதிர்ஷ்டமும் ஒரு பங்கு. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 2025இல் மெட்ச் ஆனவர்கள் நூற்றுக்கு 58 பேர். கெட்டிக்காரர்கள் பலர் மற்ற 42இல் இருக்கிறார்கள். ஆனால் அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட்டு உங்களை அனுப்ப மாட்டேன்.

நம்முடைய பிள்ளைகளுடைய இன்டர்வியூவில் நான் திரும்பத் திரும்பக் காணும் ஒன்று, அடக்கம். "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், "கன்சல்டன்ட் சேர் சொன்னார், நாங்கள் செய்தோம்" என்கிறோம். இங்கே அது மரியாதை. அங்கே அதைக் கேட்பவருக்கு, இந்தப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறது என்றுதான் விளங்கும். நீங்கள் போட்ட ஊசியை நீங்கள் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். "ஏன் எங்கள் ஊர்?" என்ற கேள்விக்கு ஏழு இடத்திலும் ஒரே பதிலா சொன்னீர்கள்? அதையும் யோசியுங்கள். தொலைபேசியில் உங்களைப் பதிவுசெய்து பாருங்கள். என்னுடையதை நான் பார்த்தபோது எனக்கே நித்திரை வந்தது.

உங்களுக்குத் துறையை மாற்றும் தேவை இல்லை. ஸ்டெப் 3ஐ அடுத்த பருவத்துக்கு முன் முடியுங்கள். அது அமெரிக்காவில்தான் எழுதலாம், இரண்டு நாள் சோதனை. ஒரு புதிய சிபாரிசுக் கடிதம் எடுங்கள், பழைய நான்கையும் அப்படியே அனுப்பாதீர்கள். இன்டர்வியூ எடுத்த இடங்களுக்கும் மீண்டும் விண்ணப்பிக்கலாம், வெட்கம் வேண்டாம்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி: ராத்தா, அந்தக் கிழமை சோப்பில் ஒரு வருட பிரிலிமினரி சர்ஜரி இடம் வந்தது. பயத்தில் எடுத்துவிட்டேன். பிழையா?

மற்றவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். சோப் என்பது மெட்ச் கிழமையிலேயே, நிரம்பாத இடங்களுக்கு மெட்ச் ஆகாதவர்கள் விண்ணப்பிக்கும் ஏற்பாடு. 2012இல் தொடங்கியது. அதிகபட்சம் 45 விண்ணப்பம். அவர்களாக அழைக்கும்வரை நீங்களோ உங்கள் மாமாவோ ப்ரோகிராமுக்கு அழைக்கக்கூடாது, அது விதிமீறல். வியாழக்கிழமை சுற்றுச் சுற்றாக ஓஃபர் வரும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம்தான். ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தம், பின்வாங்க முடியாது. நமக்கு அது இரவு நேரம், கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டி யோசித்து வையுங்கள்.

உங்கள் விஷயம், தம்பி. பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கதவு இல்லை, விறாந்தை. ஒரு வருடம் முடிந்ததும் உள்ளே கூப்பிடுவார்கள் என்ற வாக்கு எவரும் தரவில்லை. முழு சர்ஜரிப் பயிற்சி ஐந்து வருடம். ஒவ்வொரு வருடமும் இரண்டாம் வருடத்தில் ஒரு சில இடங்கள்தான் காலியாகும், அதற்கு இப்படி ஒரு வருட இடத்தில் இருக்கும் பல பிரிலிம்கள் காத்திருப்பார்கள். ஆகவே ஜூலை முதலாம் திகதி வேலை தொடங்கிய முதல் மாதமே ப்ரோகிராம் டைரக்டரிடம் நேரே கேளுங்கள்: "போன மூன்று வருடத்துப் பிரிலிம்கள் இப்போது எங்கே?" பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில். செப்டம்பரில் சர்ஜரியோடு சேர்த்து இன்டர்னல் மெடிசின், ஃபமிலி மெடிசின், அனஸ்தீசியா எது உங்களுக்குச் சரியோ அதற்கும் போடுங்கள். இன்டர்வியூவுக்கு லீவு கேட்கக் கூச்சப்படாதீர்கள், அந்த வருடத்தின் நோக்கமே அதுதான்.

ஒரு கடதாசி விஷயம். ஜே-1 என்ற பயிற்சி விசாவுக்கு நம் சுகாதார அமைச்சின் கடிதம் வேண்டும், அதில் துறையின் பெயர் இருக்கும். துறை மாறினால் புதுக் கடிதம். கொழும்புக்கு ஒரு பயணத்தில் முடியும் என்று நம்பிப் பஸ் ஏறாதீர்கள். எச்-1பி என்ற வேலை விசா என்றால் ஸ்டெப் 3 முன்னமே பாஸாகியிருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அதன்பிறகு அதை மட்டும் நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிலாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: இம்முறை 200 இடத்துக்குப் போடலாமா? ஒரு ஏஜென்சி, காசு கட்டினால் அமெரிக்க ரொட்டேஷனும் (சில கிழமைப் பயிற்சி) சிபாரிசுக் கடிதமும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறது.

கணக்கைப் பாருங்கள். 2025 பருவத்துக் கட்டணப்படி ஒரு துறைக்கு முதல் 30 இடங்களுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலர். நூறு இடம் என்றால் 2,430 டாலர். இருநூறு என்றால் 5,430. டாலரை முந்நூறு ரூபாயாக வைத்தால் பதினாறு லட்சத்துக்கு மேல். இந்தக் காசில் பாதி, உங்களை ஒருநாளும் பார்க்காத இடங்களுக்குப் போகும். ஒவ்வொரு ப்ரோகிராமின் இணையத்தளத்திலும் இப்போது படிக்கும் ரெசிடென்ட்களின் பட்டியல் இருக்கும். வெளிநாட்டுப் பட்டதாரி ஒருவர்கூட இல்லையென்றால் அதை வெட்டுங்கள். இரண்டு இரவில் முடிகிற வேலை.

ஏஜென்சி பற்றி: நானும் ஒருமுறை கட்டினேன். பெயர் சொல்ல விரும்பவில்லை. நான்கு கிழமை ஒரு கிளினிக் மூலையில் நின்றேன், கடைசியில் வந்த கடிதத்தில் "அவன் சிறந்த மாணவன்" என்று இருந்தது. அவன்! முன்னர் வந்த யாருக்கோ எழுதியது. கையால் நோயாளியைத் தொடாத ஒப்சர்வர்ஷிப்பாக இருந்தாலும் பரவாயில்லை, ரெசிடென்சி நடக்கிற ஆஸ்பத்திரியில், உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒருவரிடம் ஒரு மாதம் நில்லுங்கள்.

ஒரு தகப்பன், அன்புவழிபுரம்: மகன் உறவினர் வீட்டில் அமெரிக்காவிலேயே இருந்து படிக்கிறேன் என்கிறான். அங்கேயே நிற்கட்டுமா, திரும்பி வரட்டுமா?

ஐயா, விசா அனுமதிக்கும் நாளுக்கு மேல் ஒருநாளும் நிற்கக்கூடாது, அது முதல் விஷயம். இரண்டாவது, தம்பி அங்கே என்ன செய்கிறார்? ஆய்வு வேலை இருந்தால் நிற்கட்டும். அறையில் இருந்து படிக்கிறார் என்றால் வரட்டும். நோயாளியைத் தொடாத மாதங்கள்தான் விண்ணப்பத்தில் அதிகம் உறுத்தும்.

நான் திரும்பி வந்த வருடம் கிழக்கு மாகாணத்தில் ஒரு வார்ட்டில் மெடிக்கல் ஒஃபிசராக வேலை செய்தேன். தோற்றுப்போய் வந்திருக்கிறேன் என்ற நினைப்பு வேறு. ஆனால் அடுத்த இன்டர்வியூக்களில் எல்லாரும் கேட்டது அந்த வார்ட்டைப் பற்றித்தான். கண்ணாடி விரியன் கடித்து வருகிறவர், விஷமுறிவு மருந்து ஏற்றிய பத்தாம் நிமிடம் அவருக்கு வரும் ஒவ்வாமை, பக்கத்தில் தயாராக இருக்கும் அட்ரினலின். அமெரிக்கப் பேராசிரியர்கள் கதை கேட்கும் குழந்தைகள் மாதிரி இருந்தார்கள். அந்த ஒவ்வாமைகளை நேரம் குறித்து ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். அதுதான் என் ஆய்வு. காசு கொடுத்துப் போடும் போலிச் சஞ்சிகைக் கட்டுரை பத்தைவிட அது மேல்.

தம்பி இன்டர்ன்ஷிப் முடிக்காமல் போயிருந்தால் முதலில் அதை முடித்து மருத்துவ சபையின் முழுப் பதிவை எடுக்கட்டும். வெளிநாட்டில் படித்தவர் என்றால் அதற்கு முன் ஈ.ஆர்.பி.எம். சோதனை. அந்தப் பதிவு இருந்தால் இங்கேயே துறைப் பயிற்சி தரும் பட்டப்பின் மருத்துவ நிறுவனமான பி.ஜி.ஐ.எம். வழியும் திறந்திருக்கும். இங்கே எம்.டி. செய்து, ஒரு வருடம் வெளிநாட்டுப் பயிற்சி முடித்து கன்சல்டன்டாக வருவது இரண்டாம்தர வழி என்று நம் பிள்ளைகள் நினைப்பது எனக்கு விளங்குவதே இல்லை. சர்ஜரிதான் வேண்டும் என்றால் அதுவே நேர்வழி.

சின்னக் கேள்விகள், சின்னப் பதில்கள். ஸ்டெப் 2 சி.கே. மார்க் குறைவு, திரும்ப எழுதலாமா? பாஸாகியிருந்தால் முடியாது. ஸ்டெப் 3இல் நல்ல மார்க் எடுத்துக் கொஞ்சம் ஈடுகட்டலாம். ரெசிடென்சி இல்லாமல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வேலை செய்யலாமாமே? 2014 சட்டம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவுள்ளவர்களுக்கும்தான். இங்கிலாந்து, அவுஸ்திரேலியா? பிளாப், ஏ.எம்.சி. இரண்டும் நல்ல சோதனைகள், ஆனால் பாஸானவுடன் வேலை என்ற காலம் போய்விட்டது, இங்கிலாந்தில் குறிப்பாக. ஒரே நேரத்தில் மூன்று நாட்டுக்கும் படிக்காதீர்கள்.

ஒரு அம்மா, திருக்கடலூர்: மகள் நாலு நாளாக அறையை விட்டு வெளியே வரவில்லை. எல்லாரும் "அடுத்த முறை கிடைக்கும்" என்று சொல்கிறோம், கேட்கிறாளில்லை.

அம்மா, கொஞ்ச நாளைக்கு அதைச் சொல்லாதீர்கள். அடுத்த முறையைப் பற்றி நினைக்கவே அவருக்கு இப்போது பயமாக இருக்கும். வெளிநாட்டுச் சொந்தக்காரர்களின் அழைப்புகளை நீங்களே எடுத்து, "பிறகு கதைப்பாள்" என்று வைத்துவிடுங்கள். மாதக்கணக்காக அமெரிக்க நேரத்துக்கு முழித்திருந்த பிள்ளை, முதலில் தூங்கட்டும். ஆனால் சாப்பாடே இறங்கவில்லை, உயிரோடு இருக்க விருப்பமில்லை என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் தனியாக விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், அல்லது 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம். டொக்டர்தானே, அவளுக்கே தெரியும் என்று விட்டுவிடக்கூடாது.

நான் ஞாயிற்றுக்கிழமை வரை ஊரில் நிற்கிறேன். பின்னேரங்களில் டச்சுக்குடாப் பக்கம் நடக்கப் போவேன். மகளுக்கு விருப்பம் என்றால் வரட்டும். மெட்சைப் பற்றி ஒரு சொல்லும் கேட்க மாட்டேன் என்று சொல்லுங்கள்.