புரோஜெஸ்டிரோன் மாத்திரையை எந்த நாளில் தொடங்குவது?

கேள்வி: எனக்கு 32 வயது. மாதவிடாய் 34 முதல் 36 நாளுக்கு ஒருமுறைதான் வரும். குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 16-ஆம் நாளில் ஆரம்பித்துப் பத்து நாள் புரோஜெஸ்டிரோன் (கர்ப்பம் தங்க உதவும் ஹார்மோன்) மாத்திரை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் போன மாதம் கருமுட்டை வெளிவரும் நாளைக் கணிக்கும் கிட் வைத்துப் பார்த்ததில் 20-ஆம் நாள்தான் இரண்டாவது கோடு அழுத்தமாக விழுந்தது. 16-ஆம் நாளே தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் சுழற்சிக்கு அது ரொம்பச் சீக்கிரம். கிட் முடிவை டாக்டரிடம் காட்டி, தேதியை மாற்றி எழுதி வாங்குங்கள்.

14-ஆம் நாள் முட்டை வெளிவரும், 16-இல் மாத்திரை என்ற கணக்கெல்லாம் 28 நாள் சுழற்சிக்கு உரியது. கிட்டில் அழுத்தமான கோடு விழுந்து ஒன்று, ஒன்றரை நாளில் கருமுட்டை வெளிவரும். உங்களுக்கு அது 21-ஆம் நாள் வாக்கில். முட்டை வெளிவந்த இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம்தான் இயற்கையாகப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. அதற்குத் துணையாகத்தான் இந்த மாத்திரை. முட்டை வெளிவரும் முன்பே மாத்திரை எடுத்தால் அது வெளிவருவதே தடைபடலாம், கருப்பை வாய்ச் சளி கெட்டியாகி விந்தணு உள்ளே போவதும் சிரமமாகும்.

இன்னொன்றும் கவனியுங்கள். 16-இல் தொடங்கிப் பத்து நாள் என்றால் 25-ஆம் நாளோடு மாத்திரை முடிந்துவிடும். முட்டை வெளிவந்து ஆறு நாளுக்குப் பிறகுதான் கரு கருப்பையில் ஒட்டத் தொடங்கும், அதாவது 27-க்கு மேல். தேவைப்படும் நேரத்தில் மருந்து இருக்காது!

வழக்கமாக, கோடு அழுத்தமாக விழுந்து இரண்டு மூன்று நாள் கழித்துத் தொடங்குவார்கள். ஸ்கேனில் முட்டை வெடித்ததைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது இன்னும் உறுதி. ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அளவு பார்ப்பதானால் அதுவும் வழக்கமாகச் சொல்லும் '21-ஆம் நாள்' அல்ல. முட்டை வெளிவந்து ஏழாம் நாள், உங்களுக்கு 28 வாக்கில்.

ஐவிஎஃப் (சோதனைக் குழாய் முறை) செய்பவர்களின் கணக்கு வேறு. முட்டை எடுத்த அன்று மாலையிலிருந்து மூன்றாம் நாளுக்குள் தொடங்குவார்கள். அங்கே இந்த மருந்தின் பலன் தெளிவாக நிரூபணமானது. இயற்கையாக முயல்பவர்களுக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. ஆகவே எதற்காக எழுதினார்கள் என்றும் டாக்டரிடம் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

அப்புறம், மாத்திரை எடுக்கும்போது மார்பக வலியும் வயிற்று உப்புசமும் வரலாம், மாதவிடாயும் தள்ளிப்போகலாம். அதை வைத்துக் கர்ப்பம் என்று நம்பி மனம் உடைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முட்டை வெளிவந்து 14 நாள் ஆனதும் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். முட்டை வெடிக்க ஹெச்சிஜி ஊசி போட்டிருந்தால் அந்த மருந்தே பாசிட்டிவ் காட்டக்கூடும், எப்போது பார்ப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நெகட்டிவ் என்றால் அவர் சொன்னபடி மாத்திரையை நிறுத்தியதும் சில நாட்களில் மாதவிடாய் வந்துவிடும். பாசிட்டிவ் என்றால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள்.