முதல்முறை சின்ன டிராவல் டிரெய்லர் வாங்கியவருக்கு என்னென்ன சாமான் கட்டாயம் வேண்டும்?

காரைக்குடியில் இருக்கிறேன், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும், உள்ளே தங்கிச் சமைக்கிற சின்ன டிரெய்லர் வாங்கிவிட்டேன், முதலில் எதெல்லாம் வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அடுப்பும் மடக்கு நாற்காலியும் அப்புறம். முதல் செலவு சக்கரத்துக்குத்தான்.

டயர் காற்று பார்க்கும் கேஜ், நட்டைச் சொன்ன அளவு இறுக்கத்துக்கு முடுக்க டார்க் ரெஞ்ச் (torque wrench), டிரெய்லருக்கென்று தனி ஸ்டெப்னி. காற்றை விடியற்காலையில், வண்டி ஓடும் முன்பே பாருங்கள். சித்திரை வெயிலில் ஓடி வந்த டயர் அளவைக் கூட்டித்தான் காட்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் நட்டு கொஞ்ச தூரம் ஓடியதும் தளரக்கூடும். திருச்சி போகிறீர்களா? புதுக்கோட்டையில் ஓரம் கட்டி ஒரு தடவை முடுக்கிப் பாருங்கள், திருச்சி சேர்ந்ததும் இன்னொரு தடவை.

அடுத்தது சக்கரக் கட்டை. காரிலிருந்து கொக்கியைக் கழற்றும் முன்பே இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் கட்டை கொடுத்துவிட வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. நம்ம பக்கத்துச் செம்மண் மழையில் இளகினால் டிரெய்லரைத் தாங்கும் ஜாக்கிக் கால் உள்ளே இறங்கிவிடும், அடியில் கனமான பலகை போட்டு ஊன்றுங்கள். மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமே போதும். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் இருந்தால் மட்டம் ரொம்ப முக்கியம், சாய்ந்து நின்றால் அது சரியாகக் குளிராது.

காரையும் டிரெய்லரையும் சேர்த்துக் கட்டும் பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோரம் தேங்கும். அதனால் கசிவு அலாரத்தைத் தரையை ஒட்டிப் பொருத்துங்கள். தீயணைப்பான் அடுப்பருகே வேண்டாம், வாசலுக்குப் பக்கத்தில் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.