மாற்றுப் பள்ளியும் பல பண்பாடுகளும்: கேள்வி பதில்

பல மொழி, பல மதக் குழந்தைகள் சேர்ந்து படிக்கும் ஒரு மாற்றுப் பள்ளியில், அதாவது வழக்கமான பள்ளி முறையிலிருந்து விலகி நடக்கும் பள்ளியில், பதினைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மாற்றுப் பள்ளி என்றாலே வசதியானவர்களுக்குத்தானே?

பல இடங்களில் அப்படி ஆகிவிட்டது, எனக்கும் அதில் வருத்தம்தான். ஆனால் தொடக்கம் அப்படியில்லை. இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் திறந்த முதல் பள்ளி ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கானது. இன்னொரு மாற்றுக் கல்வி முறையான வால்டார்ஃப் முறையில், 1919-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வந்த முதல் பள்ளியும் ஒரு சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியதுதான்.

எல்லாரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் ஒற்றுமை தானாக வந்துவிடாதா?

வராது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தே வருடக்கணக்கில் பேசாமல் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே இதைச் சொன்னார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, சேர்ந்து செய்யும் வேலை, மேலே இருப்பவர்களின் ஆதரவு ஆகியவை இருந்தால்தான் ஒருவரோடொருவர் பழகுவது வெறுப்பைக் குறைக்கும். 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையின, லத்தீனப் பிள்ளைகள் புதிதாக ஒன்றுசேர்ந்த வகுப்புகளில் சண்டை மூண்டபோது, உளவியலாளர் எலியட் ஆரன்சன் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். மற்றவன் சொன்னால்தான் முழுப் பாடமும் கிடைக்கும்.

நானும் நதியைப் பற்றிய பாடத்தை அப்படிப் பிரித்தேன். வகுப்பு மொழி இன்னும் பிடிபடாத ஒரு பையனுக்கு நதி கடலில் சேரும் பகுதி வந்தது. அவன் திக்கித் திணறியதும் மற்றவர்கள் தாளைப் பிடுங்கப் பார்த்தார்கள். அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மூன்றாவது நாள் ஒரு சிறுமி, "மெதுவா சொல்லு, நாங்க இருக்கோம்" என்றாள். அவன் தண்ணீரில் விரலைத் தொட்டு, நதி கிளை கிளையாகப் பிரிவதை மேசையில் வரைந்து காட்டினான். ஐந்து தலைகளும் அந்த ஈரக்கோட்டின் மேல் குனிந்திருந்தன.

வீட்டிலும் பள்ளி மொழியையே பேசுங்கள் என்கிறார் ஆசிரியர். கேட்கலாமா?

தயவுசெய்து கேட்காதீர்கள். தாய்மொழியில் யோசிக்கவும் வாசிக்கவும் பழகிய பிள்ளை அந்தத் திறனை அடுத்த மொழிக்கும் கொண்டுபோகும். உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பேசினால், வீட்டுப் பேச்சே சுருங்கிப்போகும்.

எங்கள் சமூகத்துக்கென்று தனிப் பள்ளி தொடங்குவது தப்பா?

எதற்காகத் தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் 1982-ல் கோஹங்கா ரியோ, அதாவது 'மொழிக்கூடு' என்ற மழலையர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். மொழி தெரிந்த முதியவர்கள் குழந்தைகளோடு மாவோரியிலேயே பேசினார்கள். அழியும் நிலையில் உள்ள மொழிக்கு அப்படி ஒரு கூடு வேண்டும். மற்ற பிள்ளைகளின் காற்றே படக்கூடாது என்பதற்காகச் சுவர் எழுப்புவது வேறு, அதை நான் ஏற்கமாட்டேன். இதற்கு நேர்மாறாக, வட அயர்லாந்தில் 1981-ல், கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் பிள்ளைகள் சேர்ந்து படிக்க வேண்டும் என்று பெற்றோர்களே லாகன் கல்லூரி என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். முதலில் சேர்ந்தவர்கள் 28 பேர்தான்.

வருடத்துக்கு ஒருநாள் 'பண்பாட்டு தினம்' நடத்துகிறோம். போதுமா?

போதாது. மற்ற நாட்களில் பிள்ளை யார் யாரைப் பார்க்கிறது என்பதுதான் முக்கியம். ஆசிரியர் அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இஸ்ரேலில் 'கைகோர்த்து' என்ற பெயரில் 1998 முதல் நடக்கும் அரபு, ஹீப்ரு இருமொழிப் பள்ளிகளில், ஒரே வகுப்பில் அரபு ஆசிரியரும் யூத ஆசிரியரும் சேர்ந்து பாடம் நடத்தும் வழக்கம் உண்டு. பெரியவர்கள் இருவர் சமமாகப் பேசிக்கொள்வதைப் பிள்ளை தினமும் பார்க்கிறது.