வாகன வினா-விடை: கைப்பிடியைக் கழற்றாமல் பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: என் தந்தை 1978இல் வாங்கிய பிரீமியர் பத்மினி காருக்கு முழுமையாகப் பெயின்ட் அடிக்கக் கொடுக்கவிருக்கிறேன். கதவுக் கைப்பிடி, பக்கவாட்டுக் குரோமியப் பட்டை, கண்ணாடி ஓர பீடிங் ஆகியவற்றைக் கழற்றினால் மீண்டும் பொருத்துவது சிரமம் என்றும், டேப் ஒட்டி மறைத்தே அடித்துவிடலாம் என்றும் பெயின்டர் சொல்கிறார். ஏற்கலாமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: ஏற்க வேண்டாம். அவர் சிரமம் என்று சொல்வது உண்மைதான். ஆனால் அந்தச் சிரமத்தைத் தவிர்த்தால் அதன் விலையைக் கொடுக்கப்போவது நீங்கள். டேப் ஒட்டி அடிக்கும்போது புதுப் பெயின்ட் கைப்பிடியின் ஓரத்தோடு நின்றுவிடும். அடியில் உள்ள பழைய பெயின்டையும் அழுக்கையும் எவரும் உப்புத்தாளால் தேய்த்திருக்க மாட்டார்கள். அந்த விளிம்பில் ஈரம் புகுந்து, பெயின்ட் செதிலாக எழும்பும். துரு முதலில் தலைகாட்டும் இடமும் பெரும்பாலும் அதுவே. ஐம்பது ஆண்டை நெருங்கும் ஒரு வண்டியில் பட்டைக்கும் கிளிப்புகளுக்கும் அடியில் ஏற்கெனவே துரு இல்லாமல் இருந்தால்தான் வியப்பு. அதைப் பார்ப்பதற்காகவாவது கழற்ற வேண்டும்.

வேலையை வெளியிலிருந்து தொடங்காமல் உள்ளிருந்து தொடங்குங்கள். வெளிக் கைப்பிடியைப் பிடித்திருக்கும் நட்டுகளும் ஸ்க்ரூக்களும் பெரும்பாலும் கதவின் உட்புறத்திலோ விளிம்பிலோ இருக்குமாதலால், முதலில் டோர் பேடை (கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் அட்டையை) எடுக்க வேண்டும். அதற்கு முன் கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடி வெளியே வர வேண்டும். பழைய கார்களில் இதைக் குறுக்கே செருகிய சிறு பின்னோ, குதிரை லாடம் போன்ற கிளிப்போ பிடித்திருக்கும். கைப்பிடியின் அடியில் உள்ள வட்டத் தகட்டைக் கதவை நோக்கி அழுத்திப் பார்த்தால் எதுவென்று தெரிந்துவிடும். தெரியும் முன்னர் இழுத்தால் கைப்பிடியின் உட்பற்கள் தேய்ந்துபோகும். பத்மினி ஃபியட் வழி வந்த வண்டி என்பதால் மெட்ரிக் அளவு ஸ்பேனர்களே பொருந்தும். அம்பாசடர் வைத்திருக்கும் நண்பரிடம் இன்ச் அளவு செட்டை இரவல் வாங்கி நட்டின் முனைகளை மழுக்கிவிடாதீர்கள்.

அக்காலத்துக் கைப்பிடிகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோமிய முலாம் பூசியவை. இரும்பு ஸ்க்ரூவைத் தொடும் இடத்தில் அந்த உலோகம் ஈரத்தில் அரித்து, ஸ்க்ரூ இறுகியிருக்கும். வலிந்து திருகினால் உடைவது கைப்பிடிதான். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே விட்டு ஊற வையுங்கள். ஆனால் சிலிக்கோன் கலந்த ஸ்பிரே எதையும் வண்டியின் அருகில் கொண்டுவராதீர்கள். அதன் சுவடு தகட்டில் இருந்தால் புதுப் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் மீன்கண் போன்ற குழிகளாக விலகும். எண்ணெய் பட்ட இடங்களை, தேய்க்கத் தொடங்கும் முன்பே கிரீஸ் நீக்கும் திரவத்தால் துடைத்துவிட வேண்டும். தேய்த்த பிறகு துடைத்தால் எண்ணெய் கீறல்களுக்குள் போய்விடும்.

நீளப் பட்டையில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஒரு முனையைத் தூக்கி வாழைத்தோல் உரிப்பதுபோல் இழுத்தால் பட்டை மடிந்துவிடும். மடிந்த வரி பிறகு நிமிராது. உள்ளே நட்டு போட்ட முளை இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இருந்தால் அதைக் கழற்றிய பின், ஒவ்வொரு கிளிப்பின் அருகிலும் மூங்கில் ஆப்பையோ பிளாஸ்டிக் ஆப்பையோ நுழைத்துச் சிறிது சிறிதாக நெம்ப வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் இதற்கு வேண்டாம்.

இன்னொன்று: பூட்டுப் பொறியைக் கழற்றாமல் கைப்பிடிகளை மட்டும் எடுத்திருக்கும்போது யாரேனும் கதவைச் சாத்திவிட்டால், திறக்கப் பெரும்பாடாகிவிடும். பொறியின் மேல் துணியைச் சுற்றிக் கட்டி வையுங்கள். இடப்பக்க ஸ்க்ரூக்களை வலப்பக்கத்தோடு கலக்காமல் தனித்தனி உறைகளில் போட்டு, கழற்றும்போதே கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால், பெயின்டர் அஞ்சும் அந்தச் சிரமத்தில் பாதி இல்லை.

மீண்டும் பொருத்தும்போது கைப்பிடிக்கு அடியில் புது ரப்பர் வாஷரே போட வேண்டும். பெயின்ட் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உள்ளே இறுகிவிட்டது என்று பொருளில்லை; அவசரப்பட்டு நட்டை முறுக்கினால் வாஷரின் தடம் பெயின்டில் பதிந்துவிடும். எத்தனை நாள் பொறுப்பது என்பதைப் பெயின்ட் நிறுவனத்தின் குறிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: டோர் பேடைக் கழற்றியபோது அதன் பின்னால் இருந்த பிளாஸ்டிக் ஷீட் கிழிந்துவிட்டது. அது அவசியமா? (வாசகி, திருச்சி)

பதில்: அவசியம். மழைநீர் கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள சிறு துளைகள் வழியே வெளியேறும்படியே கதவு அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த நீர் டோர் பேடின் அட்டையை நனைத்து உப்பச் செய்யாமல் தடுப்பது இந்த ஷீட். தடித்த பாலித்தீனை அதே அளவில் வெட்டி, கீழ் விளிம்பு கதவுக்கு உள்ளே தொங்கும்படி ஒட்டுங்கள். அடித்துளைகள் பட்டியாலோ (பள்ளம் நிரப்பும் பசை) பெயின்டாலோ அடைபட்டிருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.