மாதம் பிறந்தால் புது பாஸ்வேட்

கேள்வி: ஒரு அலுவலகத்தில் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். கொம்பியூட்டர், மின்னஞ்சல், சம்பள மென்பொருள் மூன்றுக்கும் மாதாமாதம் பாஸ்வேட் மாற்ற வேண்டும். பழையதைத் திரும்பப் போட விடாது. கடைசி இலக்கத்தை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தேன். இப்போது அதுவும் குழம்புகிறது. கொப்பியில் எழுதி வைக்கலாமா?
வாசகி, கோண்டாவில்

பதில்: தங்கச்சி, இலக்கத்தைக் கூட்டுவது நீங்கள் மட்டுமல்ல. கள்ளனுக்கும் இது தெரியும். பழையது ஒன்று அகப்பட்டால் அடுத்ததைக் கண்டுபிடிக்க அவனுக்குக் கனநேரம் வேண்டாம். இதனால்தான் அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தர நிறுவனம், பாஸ்வேட் களவு போன அடையாளம் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள், சும்மா தவணை வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்று 2017இல் எழுதியது. மைக்ரோசொப்டும் 2019இல் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து அந்தத் தவணையை எடுத்துவிட்டது. உங்கள் ஐ.ரி. பகுதியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். உடனே கேட்பார்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

சரி, அதுவரைக்கும்? கொம்பியூட்டரைத் திறக்கும் பாஸ்வேட்டைத் தலைக்குள்தான் வைக்க வேண்டும். அது திறந்தால்தானே மற்றது எல்லாம். மின்னஞ்சல், சம்பளம் இரண்டையும், அலுவலகம் சம்மதித்தால், கீபாஸ், பிட்வார்டன் போன்ற பாஸ்வேட் பெட்டகத்தில், அதாவது பாஸ்வேட்டுகளைப் பூட்டி வைக்கும் மென்பொருளில், போடுங்கள். காசில்லாமலே பாவிக்கலாம். பெட்டகத்தின் திறப்பு பாஸ்வேட்டையும் சேர்த்தால், மனதில் நிற்க வேண்டியவை இரண்டு.

அந்த இரண்டுக்கும், ஒன்றோடொன்று ஒட்டாத நாலு சொல்லை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள்: ஒடியல், சைக்கிள், மாமி, கண்ணாடி என்ற மாதிரி. (இதையே போடாதீர்கள், இப்போது ஊருக்கே தெரியும்.) ழகரம், றகரம் வரும் சொற்களைத் தவிருங்கள், ஒரு நாள் ஒரு விதமாகவும் மறுநாள் வேறு விதமாகவும் அடித்துவிட்டுத் திணறுவீர்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, நல்லூர்க் கந்தன் எல்லாம் வேண்டாம். முகப்புத்தகத்தைப் பார்த்தாலே எவரும் ஊகித்துவிடுவார்கள்.

மாற்றுவதை வெள்ளி பின்னேரம் செய்யாதீர்கள். சனி, ஞாயிறு கழிந்தால் திங்கள் காலை நினைவு வராது. திங்கள் காலையிலேயே மாற்றினால் அன்றைக்கே நாலைந்து தரம் அடிப்பீர்கள், விரல் பழகிவிடும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: அலுவலக மின்னஞ்சல் உங்கள் போனிலும் இருந்தால் அங்கேயும் உடனே மாற்றுங்கள். இல்லாவிட்டால் போன் கைப்பைக்குள் இருந்தபடியே பழைய பாஸ்வேட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும். பிழையாகப் பலமுறை வந்ததென்று சர்வர் கணக்கைப் பூட்டிவிடும். நீங்கள் சரியாக அடித்தும் திறக்காது, மறந்துபோனேன் என்று உங்களையே நோவீர்கள்.

கொப்பி? எழுதலாம். ஆனால் மேசை லாச்சிக்குள்ளோ கீபோட்டுக்கு அடியிலோ அல்ல. சிறு துண்டில், எதற்குரியது என்று எழுதாமல், காசு வைக்கும் பேர்ஸுக்குள் வையுங்கள். விரல் பழகியதும் கிழித்துவிடுங்கள்.

கேள்வி: நான் லீவில் நிற்கும்போது மேலதிகாரி போன் எடுத்து பாஸ்வேட் கேட்கிறார். எப்படி மறுப்பது?
வாசகர், சாவகச்சேரி

பதில்: "சேர், என் பெயரில் நீங்கள் செய்யும் வேலை என் கணக்கில்தான் பதிவாகும், ஐ.ரி. ஆட்களிடம் சொல்லி உங்களுக்கே அந்தக் கோப்பைத் திறந்து தரச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்ன கையோடு ஐ.ரி. பகுதிக்கு நீங்களே போன் எடுங்கள். அவருக்குத் தேவை கோப்புத்தானே. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், லீவு முடிந்து வந்ததும் முதல் வேலையாக மாற்றுங்கள்.